ஆற்றோடு ஏறி வந்த நோய்: அமேசான் எல்லையூர்களும் மூன்று தலைநகரங்களும்



பொது சுகாதாரம் பற்றிப் பேசுங்கள், தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். கோவிட் காலத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆனால் பேசியதெல்லாம் பெரும்பாலும் பெருநகரங்களைப் பற்றித்தான். நியூயார்க், மிலான், டெல்லி, மும்பை. தலைநகரிலிருந்து சாலையே போகாத ஊர்களில் அந்த நோய் என்ன செய்தது, அந்த ஊர்களை அரசுகள் எந்தக் கண்ணோடு பார்த்தன என்பதை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட இடம் அமேசான் ஆற்றங்கரை.

கொலம்பியாவின் தென்கோடி மூலை ஒன்று நீண்டு வந்து அமேசானைத் தொடுகிறது. அங்கே இருக்கும் ஊர் லெட்டிசியா. சுமார் அரை லட்சம் பேர். தலைநகர் பொகோட்டாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சாலை கிடையாது, விமானம்தான். லெட்டிசியாவின் பெரிய தெரு ஒன்றில் நேரே நடந்தால், எந்தச் சோதனைச் சாவடியும் மறிக்காமல், பிரேசிலின் தபாத்திங்கா என்ற ஊருக்குள் போய்விடலாம். மோட்டார் சைக்கிள்காரர்கள் நாள் முழுக்க இரண்டு நாட்டுக்கும் போய்வருகிறார்கள். கடைக்காரர் பெசோவும் வாங்குவார், ரியாலும் வாங்குவார். எதிரே ஆற்றுக்குள் இருக்கும் தீவில் சான்டா ரோசா. அது பெரு நாட்டுக் கிராமம். படகில் சில நிமிடம். இந்த மூன்று ஊரைச் சுற்றியும் ஆற்றங்கரை நெடுகப் பரவி வாழும் திக்குனா பழங்குடியினர், நாடுகள் எல்லை போடுவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். இன்று அவர்களில் அண்ணன் பிரேசில் குடிமகனாகவும் தங்கை கொலம்பியக் குடிமகளாகவும் இருக்க முடியும்.

தபாத்திங்காவும் தன் தலைநகருக்கு அருகில் இல்லை. அது இருக்கும் அமசோனாஸ் மாநிலத்தின் பரப்பு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ இந்தியாவில் பாதி. மாநிலத் தலைநகர் மனாவுஸ் அங்கிருந்து வான்வழியே 1,100 கிலோமீட்டர். பயணப் படகில் ஆற்றை எதிர்த்து மனாவுஸிலிருந்து தபாத்திங்கா வந்து சேர ஆறேழு நாள் ஆகும். அந்தப் படகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்தளத்தில் வரிசையாகத் தூளி கட்டிப் படுத்திருப்பார்கள். ஒருவர் தூளி அசைந்தால் பக்கத்துத் தூளியில் இடிக்கும். சாப்பாடும் தூக்கமும் இருமலும் அங்கேதான். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. 2020 மார்ச்சில் மனாவுஸுக்கு வந்த கொரோனா, இந்தப் படகுகளில் ஏறித்தான் ஊர் ஊராக மேலே போனது.

பழங்குடியினரிடையே பிரேசிலில் உறுதி செய்யப்பட்ட முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று பதிவானது. சான்டோ அன்டோனியோ டோ இசா என்ற ஆற்றங்கரை ஊரைச் சேர்ந்த, கொக்காமா இனத்தைச் சேர்ந்த இருபது வயதுப் பெண். அவர் கிராமச் சுகாதாரப் பணியாளர். விடுமுறைக்குத் தெற்கே போய்த் திரும்பிய ஒரு மருத்துவருடன் வேலை செய்ததில் தொற்றியது. அந்த மருத்துவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அறிகுறி தெரிந்ததும் அவர் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டார். மருத்துவரும் வெளியிலிருந்துதான் வர வேண்டும், நோயும் அவரோடு சேர்ந்தே வரும் என்ற நிலையில்தான் அந்த ஊர்கள் விடப்பட்டிருந்தன.

அப்போது அமசோனாஸ் மாநிலத்தின் 62 நகராட்சிகளில் தீவிர சிகிச்சைப் படுக்கை இருந்தது ஒரே ஊரில், மனாவுஸில். தபாத்திங்காவின் முக்கிய மருத்துவமனை ராணுவத்தினுடையது. எல்லைக் காவல் படைக்காகக் கட்டப்பட்டது. ஊர் மக்களும் அங்கேதான் போகிறார்கள். மூச்சு முட்டுகிறவரை மனாவுஸுக்குக் கொண்டுபோகச் சிறு விமானம் வர வேண்டும். லெட்டிசியாவில் இருந்தவை இரண்டு மருத்துவமனைகள். தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டிலும் இல்லை. பரிசோதனை மாதிரிகள் தொடக்கத்தில் பொகோட்டாவுக்கு விமானத்தில் போய்த்தான் முடிவு வர வேண்டும். அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது இறந்திருப்பார். அவர் வீட்டில் இருந்தவர்களுக்கு எப்படியும் தொற்றியிருக்கும். பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் போதவில்லை என்று சொல்லி அங்கே மருத்துவர்கள் பலர் ஏப்ரலில் ராஜினாமா செய்தார்கள்.

லெட்டிசியாவில் முதல் தொற்று உறுதியானது ஏப்ரல் நடுவில். ஒரே மாதத்தில், மக்கள்தொகை விகிதப்படி கொலம்பியாவிலேயே தொற்று மிகுந்த பகுதியாக அது ஆனது. அன்டோனியோ பொலிவார் என்ற பழங்குடி முதியவர் அப்போதுதான் லெட்டிசியாவில் இறந்தார். 2015இல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போன 'சர்ப்பத்தின் அணைப்பு' என்ற கொலம்பியத் திரைப்படத்தில், தன் இனத்தின் கடைசி மனிதராக நடித்தவர். உலகம் பாராட்டிய முகம் என்பதால் அவர் மறைவு செய்தியானது. அதே நாட்களில் அதே ஊரில் இறந்த மற்ற முதியவர்களின் மறைவு அப்படிச் செய்தியாகவில்லை. தங்கள் மொழிகளில் மூலிகையும் வம்சாவளியும் நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கொலம்பிய அரசு செய்த முதல் பெரிய காரியம் என்ன தெரியுமா? மே மாத நடுவில் அதிபர் இவான் டூகே எல்லைக்குக் கூடுதல் ராணுவத்தை அனுப்பினார். ஆக்சிஜன் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு முதலில் துப்பாக்கி வந்தது. மருத்துவர்களும் கருவிகளும் ஆய்வக வசதியும் பிறகு வந்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் எது முதலில் நினைவுக்கு வந்தது என்பதில்தான் அரசின் பார்வை தெரிகிறது. என் பேச்சின் மையமும் இதுதான். தலைநகரம் எல்லையூரை ஒரு வேலியாகப் பார்க்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்ன வருகிறது என்பதில் அதற்குக் கவலை உண்டு. வேலியின் மேலேயே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது அதற்கு உறைப்பதில்லை.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். லெட்டிசியாவுக்காக ஒரு போரே நடந்திருக்கிறது. 1922இல் பெருவும் கொலம்பியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஊர் கொலம்பியாவுக்குப் போனது. பிடிக்காத பெரு நாட்டினர் 1932 செப்டம்பரில் புகுந்து கைப்பற்றினார்கள். சண்டை மூண்டு, சர்வதேச சங்கம் தலையிட்டு, அதன் ஆணையம் ஓராண்டு நிர்வகித்து, 1934இல் திருப்பிக் கொடுத்தது. 2025 ஆகஸ்டிலும், எதிரே இருக்கும் சான்டா ரோசா தீவு யாருக்குச் சொந்தம் என்று இரு நாடுகளும் மறுபடி முறைத்துக்கொண்டன. கொலம்பிய அதிபர் குஸ்தாவோ பெத்ரோ தேசிய விழாவையே லெட்டிசியாவுக்கு மாற்றி அங்கே வந்து பேசினார். மண்ணுக்காக வருகிறார்கள். 2020இல் அந்த மண்ணில் இருந்தவர்கள் மூச்சுக்குத் தவித்தபோது இவ்வளவு வேகம் இல்லை.

செல்வம் எடுப்பதற்கு மட்டும் இந்த ஆறு எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. ரப்பர் விலை ஏறியிருந்த காலத்தில் மனாவுஸில் 1896இல் ஓர் ஓபரா அரங்கமே எழுந்தது. பிறகு அந்த ரப்பர் வணிகம் ஏன் சரிந்தது என்பதில் நம்மவர்களின் வியர்வையும் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து எடுத்துப் போன விதைகள், லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போய், மலாயாவின் தோட்டங்களாயின. அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் தமிழர்கள். அந்த மலிவான ரப்பர் சந்தைக்கு வந்தபின் அமேசான் நகரங்களின் வாழ்வு அடங்கியது. ரப்பர்க் காலத்தில் பழங்குடியினரை அடிமைப்படுத்திப் பால் எடுத்ததும், கூடவே அம்மையும் காய்ச்சலும் ஆற்றோடு ஏறியதும் திக்குனா, உயிட்டோட்டோ மக்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. வெளியாரின் படகு என்றால் அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு.

இனி ஆற்றின் மேல்பக்கம், பெருவுக்குப் போவோம். லொரேட்டோ மாகாணம் அந்த நாட்டின் நிலப்பரப்பில் கால்பங்குக்கு மேல். அதன் தலைநகர் இக்கிடோஸ். சாலையில் போய்ச் சேர முடியாத நகரங்களில் உலகிலேயே பெரியது. நாட்டின் தலைநகர் லிமாவிலிருந்து விமானம், இல்லையென்றால் யூரிமாகுவாஸிலிருந்தோ புக்கால்பாவிலிருந்தோ நாள்கணக்கில் படகு. தென் அமெரிக்காவில் முதலில் கடுமையான ஊரடங்கு போட்ட நாடுகளில் பெருவும் ஒன்று. 2020 மார்ச் 16 அன்றே போட்டார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு 380 சோல் உதவித்தொகையும் அறிவித்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் வங்கிக் கணக்கு இல்லாத மக்கள் அந்தப் பணத்தை வாங்க, கிராமத்திலிருந்து படகேறி நகரத்து வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். பணத்தோடு நோயும் ஊர் திரும்பியது. பிரேசிலும் மாதம் 600 ரியால் கொடுத்தபோது இதுவேதான் நடந்தது. வங்கி எல்லார் வீட்டுப் பக்கத்திலும் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் தீட்டிய திட்டம் அது.

ஏப்ரல் இறுதியில் இக்கிடோஸில் ஆக்சிஜன் தீர்ந்தது. இதை மாணவர்கள் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் மருத்துவமனைகளில் ஜம்போ என்று சொல்கிற பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தால் சுமார் பன்னிரண்டு மணி நேரம் வரும். 15 லிட்டர் தேவைப்பட்டால் எட்டு மணி நேரம்கூட நிற்காது. கோவிட் நிமோனியா வந்தவருக்கு இது ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு உயிருக்கு இருபது, முப்பது சிலிண்டர். இக்கிடோஸில் வீட்டார் சிலிண்டரைத் தோளில் சுமந்து, நிரப்பும் இடத்தின் வாசலில் இரவெல்லாம் காத்திருந்தார்கள். விலை பன்மடங்கானது. நோயாளிக்காக வரிசையில் நின்றவரே சில நாளில் நோயாளியானார்.

ஆக்சிஜனை அங்கேயே தயாரிக்க முடியாதா? முடியும். காற்றை அழுத்தி, ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியே செலுத்தினால் நைட்ரஜனை அது பிடித்துக்கொள்ளும். ஏறத்தாழ 93 சதவீதத் தூய்மையில் ஆக்சிஜன் வெளிவரும். மின்சாரமும் பராமரிக்க ஆளும் இருந்தால் சின்ன ஊரிலும் ஓடும். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கிறது. ஆனால் பெருவில் 2010இலிருந்து ஒரு விதி இருந்தது: மருத்துவ ஆக்சிஜன் 99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தத் தூய்மைக்குக் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பெரிய ஆலைகள் வேண்டும். அவை ஓரிரு பெரிய நிறுவனங்கள் கையில். லிமாவில் எழுதிய அந்த ஒற்றை வரியால் இக்கிடோஸ் போன்ற ஊர்களில் சிறு ஆலைகள் வளர வழியில்லாமல் போனது. விதியைத் தளர்த்தும் அவசர ஆணை வந்தது 2020 ஜூன் மாதத்தில். இக்கிடோஸில் சாவு உச்சம் தொட்டது அதற்கு முன்பு.

அரசுக்காகக் காத்திருக்காமல் ஓர் ஆலை வந்தது. ரைமுண்டோ போர்டெல்லி என்ற பாதிரியார், மருத்துவமும் படித்தவர், மால்டாவில் பிறந்து இக்கிடோஸில் வாழ்ந்தவர். மே மாதத் தொடக்கத்தில் அவரும் திருச்சபையினரும் முகநூல் வழியே பணம் கேட்டார்கள். சில மணி நேரத்திலேயே ஓர் ஆலைக்கான தொகை சேர்ந்தது. அதற்கு மேலும் வந்தது. மக்கள் மனம் பெரியது. எனினும் ஒரு நாட்டின் நிலத்தில் கால்பங்குக்கு மேல் இருக்கிற மாகாணம் காணிக்கை வசூலித்து மூச்சு வாங்கியதை நினைக்கும்போது எனக்குப் பெருமையை விட ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. இன்னும் தெற்கே, உக்கயாலி மாகாணத்தில், ஷிப்பிபோ பழங்குடி இளைஞர்கள் ஒரு குழு அமைத்து, மாத்திகோ என்ற தங்கள் மூலிகையை வைத்து வீடு வீடாக ஆவி பிடிக்க உதவினார்கள். அந்த மூலிகை கொரோனாவைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் படுக்கையருகே யாரோ ஒருவர் தன் மொழியில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதும் மருத்துவத்தில் ஒரு பகுதிதான்.

2020 ஜூலையில் இக்கிடோஸில் நடந்த ஆய்வில் பத்தில் ஏழு பேர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. மனாவுஸில் அக்டோபருக்குள் 76 சதவீதம் பேருக்குத் தொற்றியிருக்கும் என்று சயின்ஸ் இதழில் வந்த ஒரு மதிப்பீடு சொன்னது. உடனே சிலர், இந்த ஊர்களுக்கு இனிக் கவலையில்லை, கூட்டு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்றார்கள். தடுக்கத் தவறியதற்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது. அந்த நிம்மதியில் தயாரிப்பும் நின்றது.

2021 ஜனவரி. மனாவுஸில் புதிதாக உருமாறிய, பின்னர் காமா என்று பெயர் வைக்கப்பட்ட வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது ஜப்பான்: அமசோனாஸிலிருந்து டோக்கியோ வந்திறங்கிய நான்கு பயணிகளிடம். சொந்த நாட்டில் கண்ணில் படாத நோய், உலகின் மறுகோடி விமான நிலையத்தில் பட்டது. ஜனவரி 14 அன்று மனாவுஸ் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் அடியோடு தீர்ந்தது. நாளொன்றுக்குத் தேவை சுமார் 76,000 கன மீட்டர். உள்ளூர் ஆலைகள் தந்தது சுமார் 28,000. சற்று முன் சொன்ன சிலிண்டர் கணக்கில், தினமும் ஏறத்தாழ ஏழாயிரம் சிலிண்டர் குறைந்தது. தட்டுப்பாடு வரும் என்ற எச்சரிக்கை சில நாள் முன்பே அரசுக்குப் போயிருந்தது. அந்த வாரத்தில் மனாவுஸுக்கு வந்த சுகாதார அமைச்சர், பதவியில் இருந்த ராணுவ ஜெனரல், பயனில்லை என்று அதற்குள் தெரிந்துவிட்ட குளோரோகுயின் போன்ற மாத்திரைகளை வலியுறுத்திவிட்டுப் போனார். தெற்கேயிருந்து மனாவுஸுக்கு வரும் பிஆர்-319 நெடுஞ்சாலை 1976இல் திறக்கப்பட்டும் நடுப்பகுதி பின்னர் சிதைந்து மண்சாலையாகக் கிடந்ததால், மழைக்காலத்தில் டேங்கர் லாரி சேற்றில் மாட்டியது. உதவிக்கு வந்தவற்றில் ஒன்று வெனிசுவேலாவின் எஃகு ஆலை ஆக்சிஜன், எல்லை தாண்டிய வேறொரு சாலை வழியாக.

மனாவுஸுக்கே இந்தக் கதி என்றால், அதை நம்பியிருந்த ஊர்களுக்கு? மனாவுஸுக்கு மேற்கே ஆற்றின் மேல் கோவாரி என்று ஓர் ஊர். ஜனவரி 18 அன்று அங்கே சிலிண்டர்கள் ஏற்றிய விமானம் வர வேண்டியிருந்தது. புறப்படத் தாமதமாயிற்று. கோவாரி விமானத்தளம் இருட்டிய பிறகு இயங்காது என்பதால் விமானம் தெஃபே என்ற வேறோர் ஊரில் இறங்கியது, காலையில்தான் சிலிண்டர் வந்தது என்று நகராட்சி அறிவித்தது. அதற்குள் ஏழு நோயாளிகள் இறந்துவிட்டார்கள்.

இந்தக் கோவாரி நகராட்சியின் எல்லைக்குள்தான் உருகூ என்ற இயற்கை எரிவாயு வயல் இருக்கிறது. அங்கிருந்து மனாவுஸுக்குக் காட்டையும் சதுப்பையும் ஆறுகளையும் கடந்து சுமார் 660 கிலோமீட்டர் குழாய் பதித்து, 2009இல் திறந்தார்கள். மனாவுஸின் மின்சாரத்துக்கு அந்த வாயு போகிறது. காட்டுக்குள் குழாய் போட முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை. அந்த ஊரிலிருந்து எரிவாயுவை எடுக்க 660 கிலோமீட்டர் ஒரு தடையாக இல்லை. அதே ஊரின் ஆஸ்பத்திரியில் ஒரு சிறு ஆக்சிஜன் ஆலை வைக்க, அல்லது விமானத்தளத்தில் இரவு விளக்குப் போட, அது மிகத் தொலைவாகப் போயிற்று. தூரம், போக்குவரத்து, இயற்கை என்று சொல்லி இந்தச் சாவுகளை நியாயப்படுத்துகிறவர்களிடம் நான் காட்டுவது இந்தக் குழாயைத்தான்.

காமா வைரஸ் ஆற்றின் மேலே ஏறி வருகிறது என்றதும் கொலம்பியா லெட்டிசியா விமானங்களை நிறுத்தியது. பிறகு 2021 மார்ச்சில், நாட்டின் மற்ற இடங்களில் முதியவர்கள் முறைக்குக் காத்திருந்தபோதே, லெட்டிசியாவிலும் புவேர்ட்டோ நாரினோ என்ற ஊரிலும் பதினெட்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் தடுப்பூசி போட்டது. காரணத்தை அரசு வெளிப்படையாகவே சொன்னது: புது வைரஸ் நாட்டுக்குள் வராமல் அரண் கட்டுகிறோம். அந்த ஊசி பல உயிர்களைக் காத்தது, போட்டது சரி. ஆனால் லெட்டிசியாவின் மக்கள் வரிசையில் முன்னால் வந்தது பொகோட்டாவைக் காப்பதற்காக. எல்லையூரைக் கவனியுங்கள், இல்லையென்றால் நோய் உங்களிடம் வரும் என்று நாமும் அரசுகளிடம் வாதாடிப் பழகிவிட்டோம். அந்த வாதம் பலிக்கிறது என்பதால் அதை விட மனம் வருவதில்லை. அதன் விலை என்னவென்றால், தலைநகருக்கு வராத நோய்களுக்கு அது ஒன்றும் பெற்றுத் தராது. இக்கிடோஸில் மலேரியா கோவிட்டுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. அது விமானமேறி லிமாவைப் பயமுறுத்துவதில்லை. அதனால் அதற்கு அரணும் இல்லை.

பிரேசில் தன் பக்கத்தில் பழங்குடியினருக்கு முன்னுரிமை கொடுத்தது. 2021 ஜனவரி 19 அன்று தபாத்திங்காவை ஒட்டிய உமாரியாசு என்ற திக்குனா கிராமத்தில் ஊசி தொடங்கியது. ஆனால் அந்தப் பட்டியலில் கிராமத்தில் வாழும் பழங்குடியினர் மட்டுமே. படிக்கவோ வேலைக்கோ பக்கத்து நகரத்துக்குக் குடிவந்த திக்குனா பெண், கொக்காமா இளைஞர், இவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அப்படியாக, ஒரே ஆற்றங்கரையில், ஒரே மொழி பேசும் ஒரே குடும்பத்தில், லெட்டிசியாவில் இருந்த தங்கைக்கு ஊசி கிடைத்தது, உமாரியாசுவில் இருந்த அம்மாவுக்குக் கிடைத்தது, தபாத்திங்கா நகரில் வாடகைக்கு இருந்த அண்ணனுக்கு இல்லை, எதிரே சான்டா ரோசா தீவில் இருந்த சித்தப்பா லிமாவின் முறைக்குக் காத்திருந்தார் என்ற நிலை வந்திருக்க முடியும்.

மூன்று அரசுகளும் அந்த மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசிப் பட்டியல், ஒரே ஆய்வகம், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு, அங்கேயே ஓடும் ஓர் ஆக்சிஜன் ஆலை, அதைப் பழுதுபார்க்க உள்ளூரில் பயிற்சி பெற்ற நாலு பேர் என்று ஏற்பாடு செய்துகொள்வதை எந்த இயற்கைச் சட்டமும் தடுக்கவில்லை. அவசரத்தில் முடிவெடுக்கும் அதிகாரமும் லெட்டிசியாவின் மருத்துவ அதிகாரியிடமே இருக்க வேண்டும். அவர் பொகோட்டாவுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.  பொது சுகாதாரம் படிக்கிற நீங்கள் நாளை எந்த நாட்டின் திட்டக் குழுவில் உட்கார்ந்தாலும், வரைபடத்தின் ஓரத்தில் இருக்கிற ஊரின் பெயரை முதலில் கேளுங்கள். அங்கே சிலிண்டர் நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள்.